கூட்டிப் பெருக்கிய இரத்தம்

"ஆள் வருமுன் முத்தம் வெளுக்கணும்" என்று எங்கள் தீவில் ஒரு சொல் உண்டு. முத்தம் என்றால் வீட்டு முற்றம். கற்பிட்டிப் பக்கமிருந்து படகு வருவது தெரிந்தாலே பெண்கள் விளக்குமாற்றைத் தேடுவார்கள். வருவது மருமகனா, மீன் முதலாளியா என்பதெல்லாம் பிறகுதான். இந்த நல்ல பழக்கம் போன வருஷம் என் ராத்தாவின் காலுக்கு உலை வைக்கப் பார்த்தது.

ராத்தா என் உடன்பிறந்த மூத்தவள். அவளுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. வலது காலில் ஒரு விரலை ஏற்கனவே ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்துப் புண் ஆறுவதும் மறுபடி வாய் திறப்பதுமாக இருந்தது. மருந்து கட்ட வேண்டுமென்றால் களப்புக் கடலைத் தாண்டிக் கற்பிட்டிக்குப் போக வேண்டும். சோழகக் காற்று வீசும் மாதங்களில் படகுக்குள்ளே அலை ஏறும். கட்டிய துணி வீடு வந்து சேருமுன் உப்புத் தண்ணீரில் ஊறிவிடும். "மருந்து கட்டப் போறனா, கால ஊறுகா போடப் போறனா?" என்று கேட்டவள் ஒருநாள் போவதையே நிறுத்திவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுக் காசில் ஒரு திட்டம் வந்தது. தீவுகளில் தொற்றா நோய்கள் வருமுன்னே தடுக்க வேண்டுமாம். மாதம் ஒருமுறை படகிலேயே மருந்தும் நர்ஸ் மிஸ்ஸும் வருவார்களாம். தொற்றாத நோய் என்று அவர்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தீவில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவன் நான். அந்த நோய் எந்த வழியாகத் தொற்றுகிறது என்று எனக்குத் தெரியாதா? என் கடைச் சீனி டின் வழியாகத்தான். ராத்தாவின் புருஷன், என் மச்சான், தேத்தண்ணியில் சீனி கரையாமல் அடியில் நின்றால்தான் கோப்பையைக் கையில் எடுப்பார். அதையும் வெறுமனே குடிக்கமாட்டார். உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டு ஒன்றும் இருக்க வேண்டும்.

படகு வந்த முதல் மாதங்களில் ஆண்கள் எல்லோரும் கடலுக்கு ஓடிவிட்டார்கள். ஊசிக்குப் பயமா என்று கேட்டால், மீன் கூப்பிடுகிறது என்பார்கள். ராத்தாவும் சில பெண்களும் மட்டும்தான் பாடசாலைக் கட்டடத்துக்குப் போவார்கள். ஆனாலும் அவளுடைய புண் மெல்ல மெல்லச் சுருங்கத் தொடங்கியது. தரையில் பாதம் முழுவதையும் ஊன்றி நடந்த அன்று, என் கடை வாசல் வரைக்கும் வந்து என்னை ஏசிவிட்டுப் போனாள். ஏசுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. நடந்து வந்ததைக் காட்டத்தான்.

பிறகு ஓர் அறிவிப்பு. கொழும்பிலிருந்து பெரிய டொக்டர் வருகிறார், காசு தருகிற ஆட்களும் வருகிறார்கள், தீவில் எல்லோருக்கும் சீனி பார்க்கப் போகிறார்கள் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எதற்காக வருகிறார்கள் என்றும் சொல்லியிருப்பார்கள். எங்கள் காதில் "வருகிறார்கள்" என்ற சொல் மட்டும்தான் விழுந்தது.

ஊர் விளக்குமாற்றை எடுத்தது. முற்றம் முடிந்தது, ஒழுங்கைகள் முடிந்தன, கரையில் கிடந்த வலைத் துண்டுகளும் போயின. அதற்கு மேலும் கூட்டுவதற்கு இடமில்லாமல் போனபோது எல்லோரும் தத்தம் உடம்புக்குள் இறங்கினார்கள். கற்பிட்டித் தோட்டங்களிலிருந்து பாகற்காய் மூடை மூடையாக வந்தது. வெந்தயம் ஊறாத வீடில்லை. விடியலில் சுபஹு தொழுதுவிட்டு மறுபடி தூங்கப் போகிறவர்கள் கரையோரமாகக் கை வீசி நடந்தார்கள். மச்சான் என் கடைக்கு வந்து, சீனி போடாத தேத்தண்ணியை மையித்து வீட்டில் துக்கம் கேட்கப் போன முகத்தோடு குடித்தார். விருந்தாளிகளுக்கு முன்னால் ஊர் மானம் போகக்கூடாதாம். என் சீனி டின்னில் எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை.

அந்த நாள் வந்தது. வரிசையில் நின்று விரல் நீட்டியவர்கள், பரீட்சை பாஸான பிள்ளைகள் மாதிரி வெளியே வந்தார்கள். எல்லோருக்கும் நல்ல அளவு. மச்சானுக்கு அதைவிட நல்ல அளவு. பெரிய டொக்டர் வியந்துபோனார். வந்தவர்கள் கைதட்டினார்கள், நாங்களும் எங்களுக்கே கைதட்டிக்கொண்டோம்.

மிஸ் மட்டும் கைதட்டவில்லை. சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பெண் அவர். தமிழ் எங்களைவிட நன்றாக வரும். அண்ணன் முறையில் என்னை 'நானா' என்பார். ஓரமாகக் கூப்பிட்டார்.

"நானா, இந்தக் காசு சீனி வருத்தம் கூடின தீவுக்குத்தான். இங்க இல்லையெண்டா போட் இனி வராது. வேற தீவுக்குத்தான் போகும்."

புண்ணுக்கு மருந்து கட்டுவதற்காகப் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த ராத்தாவுக்கு அது கேட்டுவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் நாங்கள். அதைத் தோண்டியெடுக்க அவள் எழுந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு பெரிய டொக்டருக்கு நேரே போய் நின்றாள்.

"டொக்டர், இந்த ரத்தத்த நம்பாதீங்க. இது விருந்தாளிக்காகக் கூட்டின முத்தம்."

மச்சான் தொண்டையைச் செருமினார். "என்ன புள்ள, ஊர் மானத்த இப்பிடி..."

"ஊர் மானம் உங்கட வயித்துக்குள்ளதான் இரிக்கு," என்றவள் என் பக்கம் திரும்பினாள். "தம்பி, போய் மச்சானுக்கு எப்பயும் ஊத்துற தேத்தண்ணியில ஒண்டு கொண்டு வா. டொக்டர் குடிச்சிப் பாக்கட்டும்."

போனேன். மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் ஊற்றினேன். கரண்டி ஏறக்குறைய நட்டுக்கொண்டு நின்றது. பெரிய டொக்டர் ஒரு வாய் குடித்தார். கோப்பைக்குள் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். மறுபடியும் கோப்பைக்குள் பார்த்தார். இப்படிக் குடிக்கிறவர்கள் யார் யார் என்று என்னிடம் கேட்டார். தாய்ப்பால் மறந்த எல்லோரும் என்றேன். அதற்குப் பிறகு ஊர் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஒருவன் பக்கத்து வீட்டானின் பாகற்காயைச் சொன்னான். அவன் இவனுடைய வெந்தயத்தைச் சொன்னான்.

டொக்டர் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: கடந்துபோன மூன்று மாதத்தையும் காட்டிவிடுகிற இன்னொரு பரிசோதனை இருக்கிறதாம். ஒரு கிழமைப் பாகற்காய் அதனிடம் செல்லாதாம். நரம்பில் இரத்தம் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டு போனார்கள்.

முடிவு வரும்வரை ராத்தா சரியாகச் சாப்பிடவில்லை. நானும் ஊற்றிய தேத்தண்ணியை எல்லாம் நினைத்து, முடிவு கெட்டதாக வரவேண்டும் என்று துஆக் கேட்டேன். அப்படி ஒரு துஆவை இந்த உலகத்தில் யாராவது கேட்டிருப்பார்களா தெரியாது. கேட்டபடியே வந்தது. தீவில் பாதிப் பேருக்கு மேல் சீனி. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, சொல்லலாமா என்று யோசித்தேன். படகு நின்றுவிடவில்லை. ராத்தாவின் புண்ணும் கடைசியில் மூடிக்கொண்டது.

இப்போது அவள் தினமும் கடைக்கு நடந்து வந்து என் கரண்டியைச் சோதிக்கிறாள். அரைக்கரண்டிக்கு மேல் போட்டால் ஊருக்கே கேட்கும். ஆண்களும் கிளினிக் நாளில் கடலுக்கு ஓடுவதில்லை.

மச்சான் மட்டும் ஒருதரம் பிடிபட்டார். கிளினிக்குக்கு முதல்நாள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால், வட்டலப்ப இனிப்புக் கிண்ணமும் கையுமாக. நான் அங்கே கருவாடு கொடுக்கப் போயிருந்தேன்.

"சீனி கொறஞ்சா போட் நிண்டு போகும் புள்ள," என்றார் வாய் நிறைய. "ஊருக்காகத்தான் தின்னுறன்."

ராத்தா கிண்ணத்தை வாங்கி என்னிடம் தந்தாள்.

"இந்த ஊருக்கு என்ட விரல் ஒண்டு போனது போதும். உங்கட கால பத்திரமா வச்சிக்கொள்ளுங்க."