என் புத்தகத்தில் அவர் போட்ட கேள்விக்குறிகள்

பொருளாதாரத்தில் பி.ஏ. தேறி, செமோர் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த எனக்கு மதராஸில் எம்.ஏ. படிக்க இடம் கிடைக்கவில்லை. ஈப்போ பள்ளிக்கூடத்தில் செடிகொடிப் பாடம் நடத்திய அந்த ஒல்லி மனிதருக்குப் பொருளாதாரத்திலேயே கிடைத்தது. வயிறு எரியாமல் என்ன செய்யும்? இத்தனைக்கும் அவர் படித்தது என்னிடம் இரவல் வாங்கிய புத்தகம்.

காதில் செருகிய பென்சிலை எடுத்து, புரியாத இடத்திலெல்லாம் கேள்விக்குறி போடுவார்.

ஒருநாள் கேட்டார்: "ரப்பர் விலை ஏறட்டும்னு பாதி மரத்தப் பாலுக்குச் சீவாம விடுறாங்க. சீவுறவங்க என்ன சாப்பிடுவாங்க? அது எந்தப் பக்கத்துல இருக்கு, அண்ணே?"

"அதெல்லாம் பரீட்சையில வராதுலா" என்றேன்.

கப்பலேறும் முன் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். அவர் போட்ட குறிகளை அழிக்க உட்கார்ந்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிவிட்டு அழிக்கலாம் என்று நினைத்தேன்.

இன்னும் ஒன்றைக்கூட அழிக்கவில்லை.