கடைசிக் கரண்டிக்குப் பிறகு

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. மிச்ச நேரத்தில் மந்திரவாதிகளை ஒழித்துக்கட்டுவார். அவருடைய மாயக்கதையில் இரண்டு பாகம் புத்தகமாக வந்துவிட்டது. மூன்றாவதற்கு முடிவு மட்டும் பாக்கி.

எழுதியதை அச்சுக்குப் போகும்முன் கேட்பவர் அவருடைய அக்கா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சில்லறை தராத ஆளைப் பார்க்கும் அதே பார்வையோடுதான் கதையும் கேட்பார்.

பக்கவாதம் வந்தபின் அக்காவின் பேச்சு ஒன்றிரண்டு சொற்களாகச் சுருங்கிவிட்டது. விழுங்குவதும் கஷ்டம். கூழாக மசித்த சாப்பாட்டைத் தம்பிதான் ஊட்டுவார். நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைச் சற்றே தாழ்த்தி, சின்னக் கரண்டியில் கொஞ்சம். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும்.

"ஆச்சா?"

"இன்னும்."

காத்திருக்க வேண்டும். விழுங்கியதும் அக்கா வாயை அகலத் திறந்து காட்டுவார். அப்புறம்தான் அடுத்த கரண்டி. கடைசிக் கரண்டியோடு வேலை முடிந்தது என்று படுக்கவைத்தால் போச்சு; உள்ளே போனது மேலே வரும், மூச்சுக்குழலுக்குள் இறங்கும். அரைமணி நேரமாவது உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஊட்டுகிறவரும் கூடவே இருக்க வேண்டும்.

விழுங்கும் பலம் இனிமேல் குறைந்துகொண்டேதான் போகும் என்று டாக்டர் சொன்ன வாரத்தில், தம்பி முடிவை ஒரே மூச்சில் எழுதினார். அக்கா கேட்காமல் போய்விடக் கூடாது என்ற பயம். கருங்கோபுரம் இடிந்தது. மந்திரவாதி புகையானான். கதாநாயகியான ஓடக்காரிக்குக் கிரீடம், பிரிந்தவர்களுக்குக் கல்யாணம், எல்லாம் இரண்டே பக்கத்தில்.

பதிப்பாளர் போனில் குதித்தார். "பிரமாதம் சார்! கோபுரம் விழுந்தப்புறம் எவன் படிப்பான்? இப்படியே விடுங்க."

அன்று மதியம் அக்காவுக்கு ஊட்டும்போதே அவர் நினைப்பெல்லாம் மேஜைமேல் இருந்த தாள்களில்தான். வாயைத் திறந்து காட்டும்முன் கடைசிக் கரண்டியைக் கொடுத்துவிட்டார். அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. முன்பக்கம் சாய்த்துத் தாங்கினார். தண்ணீர் கொடுக்கவில்லை, முதுகில் தட்டவில்லை. அந்த மட்டுக்காவது புத்தி இருந்தது. இருமி ஓய்ந்து மூச்சு சீரானதும் அக்கா அவரை முறைத்தார்.

"அவசரம்," என்றார்.

"தப்புதான்க்கா. கதை முடிஞ்சிருச்சு, அதான் கை முந்திருச்சு. படிக்கட்டுமா?"

அக்கா தலையசைத்தார். தம்பி படித்து முடித்துத் தாளை இறக்கினார்.

"ஆச்சுக்கா."

"இன்னும்."

"என்னக்கா இன்னும்? எல்லாருக்கும் கிரீடம் வச்சாச்சு!"

அக்கா வாயைக் கோணிக்கொண்டு சொல்லைத் தேடினார். "கழுதை."

"என்னையா திட்டுற?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல கையைச் சுருட்டி, எதையோ கட்டுவதுபோல் காட்டினார். தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டாம் பாகம் முழுக்க ஓடக்காரியைச் சுமந்து வந்த கழுதையைக் கோபுர வாசலில் கட்டிவைத்ததோடு சரி. அதன் தலைமேலேயே கோபுரத்தை இடித்திருக்கிறார்!

அவர் எழுந்து போகவில்லை. அக்காவை நிமிர்த்தி வைத்தபடியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் தொண்டை அவ்வப்போது ஏறி இறங்கியது. வாயில் ஒன்றும் இல்லை. ஆனாலும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தார்.

அதன்பின் மெதுவாக எழுதினார். ஓடக்காரி முதலில் கழுதையை அவிழ்த்துத் தொலைவில் விட்டுவந்தாள். கோபுரம் இடிந்தபின் தூசி அடங்கும்வரை ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தாள். கழுதை திரும்பிவந்து அவள் தோளை முட்டியது. இருவரும் ஆற்றோரமாக நடந்தார்கள். வழியில் அவள் இறந்தவர்களை நினைத்து அழுதாள், கழுதை புல் மேய்ந்தது. வீட்டுக் கதவு மழையில் ஊறி இறுகிப்போய்த் திறக்கவில்லை. தோளால் இடித்துத் திறந்தாள். கிரீடம் கிடையாது.

"சார், இழுக்குதே," என்றார் பதிப்பாளர்.

"இழுக்கட்டும்."

இம்முறை சாப்பாடு முடிந்து வாய் சுத்தமானதைப் பார்த்துவிட்டுத்தான் தாளை எடுத்தார். கதவு திறந்த இடத்தில் நிறுத்தினார். ஆச்சா என்று கேட்கவில்லை. காத்திருந்தார்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி பக்கம் திரும்பினார். வாயை அகலத் திறந்து காட்டினார்.