மெர்சி பூட்டி வைத்த சர்வர்

மணிமங்கலத்துப் பெண் மெர்சி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்கிறாள். கார் கதவுக்கு ரப்பர் பட்டி செய்கிற கம்பெனி. ஒப்பந்த வேலைதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே தலைவலி, நிர்வாக அதிகாரி கோதண்டம். முதலாளிக்குத் தாய்மாமன்.

அலுவலகத்தில் நன்றாகக் குளிர்வது சர்வர் அறை மட்டுமே. மதியம் சாப்பிட்டு முடித்த கையோடு கோதண்டம் அங்கே போய் உட்கார்ந்து, சர்வரிலேயே சீட்டாட்டம் ஆடுவார், படம் பார்ப்பார். சர்வர் திணறி நின்றுவிடும். சரக்கு வாசலைத் தாண்ட வேண்டிய கேட்பாஸ் சீட்டு அச்சாகாது. சரக்கு ஏற்றிய லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கும்.

மெர்சி யோசித்து, சர்வருக்கென்றே செய்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினாள். ஃபைல், பிரிண்டர், பில் என்று ஊருக்கெல்லாம் ஊழியம் செய்யும். ஆடுவதற்கு அதில் ஒன்றும் கிடையாது. மவுஸ் வேண்டாம், படம் வராது. கருப்புத் திரையில் நாலு வரி எழுத்து, அவ்வளவுதான்.

மறுநாள் கோதண்டம் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா மெர்சி, ஒரே இருட்டா கீது? செத்துப் பூட்ச்சா?"

"நல்லா ஓடிக்கிட்டுதான் சார் இருக்கு. கை வைக்காதீங்க."

அவள் திரும்புவதற்குள், உயிர் கொடுப்பதாக நினைத்துப் பவர் பட்டனை அமுக்கிவிட்டார். மறுபடி லாரிகள் வரிசை கட்டின. மேனேஜர் மெர்சியைத்தான் கூப்பிட்டார். "நம்மகிட்ட சரக்கு வாங்குற கார் கம்பெனி ஆடிட் வருது. அதுலயும் கோளாறுன்னா உன் ஒப்பந்தம் அதோட முடிஞ்சுது."

தாய்மாமனைத் திட்ட முடியுமா? மெர்சி சர்வரை இரும்பு அலமாரிக்குள் தள்ளிப் பூட்டினாள். மேசைக்கடியில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, திரையையும் மவுஸையும் அதில் மாட்டினாள். சீட்டாட்டத்தையும் மறக்காமல் போட்டாள்.

"சர்வர் எழுந்துக்கிச்சு பார்" என்று கோதண்டம் மகிழ்ந்துபோனார். அதன்பின் லாரி ஒன்றும் நிற்கவில்லை.

ஆடிட்டுக்கு வந்தவர் சந்திரலேகா. மெர்சியோடு வந்து சர்வர் அறைக் கதவைத் திறந்தால், கோதண்டம் ஆட்டத்தில் மூழ்கியிருந்தார்.

"இங்க என்ன சார் பண்றீங்க?"

"சர்வரே நம்ம கையிலதான் மேடம்" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

சந்திரலேகா பேனாவை எடுத்தார். "சர்வர்ல சீட்டாட்டமா? இது பெரிய குறை." எழுத ஆரம்பித்தேவிட்டார். மெர்சி பார்த்தாள். உண்மையை வாயால் சொன்னால் முதலாளி வீட்டுப் பகை. சொல்லாவிட்டால் வேலை போகும். சட்டென்று குனிந்து மேசைக்கடியில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஐயையோ! சர்வர் பூட்ச்சு! லாரியெல்லாம் நிக்கப்போவுது!" கோதண்டம் எழுந்தே நின்றுவிட்டார்.

அடுத்த அறையில் பிரிண்டர் சாவதானமாக ஒரு கேட்பாஸைத் துப்பியது. பின்னாலேயே இன்னொன்று. வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக் கிளம்பியது.

மெர்சி அலமாரியைத் திறந்து காட்டினாள். உள்ளே பச்சை விளக்குகள் சிமிட்டின. "சர்வர் இது மேடம். சாவி என்கிட்ட மட்டும்தான். அது சாரோட கம்ப்யூட்டர், இதுக்கும் அதுக்கும் ஒயர் தொடர்பே கிடையாது."

கோதண்டம் விழித்தார். ஒரு கணம்தான்.

"பாத்தீங்களா மேடம்? புடுங்கிப் போட்டாலும் ஓடும். அப்படிப் பழக்கி வச்சிகீறேன்."

சந்திரலேகா சிரிப்பை அடக்கிக்கொண்டு, எழுதியதைக் கோடு போட்டு அடித்தார்.

மறுநாள் காலையே மெர்சியின் ஒப்பந்தம் நீண்டது. தான் சொல்லித்தான் நடந்தது என்று கோதண்டம் கேன்டீன் முழுக்கப் பேசினார். மெர்சி மறுக்கவில்லை. மதியம் அவர் வருவதற்குள் போய், பழைய கம்ப்யூட்டரின் பிளக்கைச் சொருகிவிட்டு வந்தாள்.