ஜார்ஜ் திருப்பி விடும் மீன்

சுனாமி எங்கள் கோவளத்து வலைகளை அள்ளிக்கொண்டு போனபோது என் மகள் செல்வி பள்ளிக்கூடம் போகிற வயதுச் சிறுமி. இப்போது வட இங்கிலாந்தில் நர்ஸ். அவள் அம்மா இறந்துபோனபிறகு என்னையும் இங்கே கூட்டிவந்துவிட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. அடியில் கிடக்கும் கல்லெல்லாம் தெரியும். அங்கே ஜார்ஜ் என்ற கிழவர் தினமும் தூண்டில் போட்டு, உடம்பெல்லாம் புள்ளியுள்ள டிரவுட் மீனைப் பிடித்து, மெதுவாகத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்.

எங்கள் கரையில் ஒருவன் மீனைத் திருப்பி வீசினால் அது பேத்தை மீன். தின்றால் ஆள் காலி. அதனால் நான் அந்த ஓடையில் காலைக்கூட நனைக்கவில்லை. கம்பளி ஆலைகளின் சாயத்தண்ணீரால் ஒரு காலத்தில் செத்துக் கிடந்த ஓடையாம் அது. ஆலைகளை மூடி, கழிவைத் தடுத்தபின் மீன் திரும்பியதாம். எப்படி நம்புவேன்? எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் உப்பங்கழியில் சாயப்பட்டறைத் தண்ணீர் கலந்து, மடவை மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்ததைப் பார்த்தவன் நான். பட்டறையை மூடிவிட்டார்கள். போன வாரம் தம்பி ஏழுமலை போன் செய்தான்.

"அண்ணாத்த, கழித் தண்ணி கண்ணாடி மாரி கீது. மழ வுட்டதும் வலை வுடப்போறேன். புள்ளைங்களுக்கு மடவைக் கொழம்புதான்."

"யார்றா டெஸ்ட் பண்ணது?"

"நீ சீமையில குந்திகினு பேஜாரு பண்ணாத!" வைத்துவிட்டான்.

மறுநாள் செல்வியோடு ஜார்ஜிடம் போனேன். "பிஷ், பாய்சன்?"

"நோ, நோ," என்று சிரித்தார்.

"தென் ஈட்!"

அவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். பார்த்தாயா என்று செல்வியைப் பார்த்தேன்.

"கம்முனு இரு நைனா. வெஷம்னு வுடல. இப்பதான் மீனு பெருகுது, தின்னா தீந்துடும்னு வுட்றாரு."

ஜார்ஜ் ஒரு கல்லைப் புரட்டினார். அடியில் வாலுள்ள குட்டிப் பூச்சிகள் நெளிந்தன. தண்ணீர் கெட்டால் முதலில் சாவது இவைதானாம். தெளிவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம். அதை மட்டும் நம்பினேன். எங்கள் கழி கெட்டபோதும் சேற்றிலிருந்த தூண்டில் புழுதான் முதலில் காணாமல் போனது.

ஏழுமலை இப்போது போனை எடுப்பதில்லை. இங்கே கல்லைப் புரட்டும்போதெல்லாம் என் கை கழிச் சேற்றைத்தான் தேடுகிறது. கோவளம் பக்கம் இருப்பவர்கள், மீன் ஏலம் விடும் இடத்தில் ஏழுமலையைப் பார்த்தால் சொல்லுங்கள்: சேற்றைத் தோண்டிப் பார்க்கட்டும். புழு இல்லையென்றால் அந்த மடவை பிள்ளைகள் தட்டுக்கு வரவேண்டாம். அண்ணன் சொன்னான் என்று சொல்லுங்கள்.