ரப்பருக்கு ஆகாதது

பிரேக் மெக்கானிக்குக்குப் பட்டறையில் வைத்த பெயர் ‘ஆராய்ச்சி’. பாகத்தை மாற்றினோம், வேலை முடிந்தது என்று இருக்க அவரால் முடியாது. தேய்ந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஏன் தேய்ந்தது என்று வண்டிக்காரரைக் குடைந்து எடுத்துவிடுவார். இதற்குப் பயந்தே சிலர் பக்கத்துப் பட்டறைக்குப் போனார்கள்.

அந்தத் திங்கட்கிழமை மனிதருக்கு வேலையில் மனமே ஓடவில்லை. முந்தின நாள் மதியம், மகள் பாட்டு வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில், ஆணுறை கிழிந்துவிட்டது. வேறு வீடாக இருந்தால் ஒரு சங்கடம், அவ்வளவுதான். இவர் மனைவிக்கோ இதய வால்வு சுருங்கியிருந்தது. அதைச் சரிசெய்வதற்கு முன்னால் கர்ப்பமானால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். சில கருத்தடை மாத்திரைகள் ரத்தத்தை உறைய வைக்கலாம் என்று கேள்விப்பட்டு, இருவரும் ஆணுறையை நம்பியிருந்தார்கள். ஒன்றும் ஆகாது என்று அவள்தான் இவருக்குத் தைரியம் சொன்னாள். சொன்னவள் அன்றிரவு தூங்கவில்லை.

காலையில் பிரேக் பிடிக்காத கார் ஒன்று வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ரப்பர் வளையம் உப்பிப்போய், தொட்டதும் பிய்ந்து வந்தது. பிரேக் ஆயிலுக்குப் பதில் எஞ்சின் ஆயிலை ஊற்றியிருந்தார் வண்டிக்காரர்.

"ரப்பருக்கு இந்த எண்ணெய் ஆகாது சார், இதுகூடவா தெரியாது?" என்றவர், அப்படியே நின்றுவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த தேங்காய் எண்ணெய் பாட்டில் கண்முன் வந்தது. வழுவழுப்பாக இருக்கட்டும் என்று தடவியது அவர் கைதான்.

ஆனாலும் ஆராய்ச்சி ஆராய்ச்சிதானே. மருந்துக் கடையில் ஒரு பெட்டி ஆணுறை வாங்கிவந்து, பட்டறைக்குப் பின்னால் இரண்டை ஊதிக் கட்டி, ஒன்றில் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவினார். டீ ஆறுவதற்குள் அது பட்டென்று வெடித்தது. மற்றது ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த முதலாளி, எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார்.

மனைவியை அழைத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா அவசர மாத்திரை கொடுத்தார். அவள் இதயத்துக்கு அது ஒத்துக்கொள்ளும் என்றார். எண்ணெய் சேராத ஜெல் இருக்கிறது, அது ரப்பரைக் கெடுக்காது என்றும் சொன்னார். இவருக்குப் போன உயிர் திரும்பியது. இனி ஜெல் போதும்தானே என்று கேட்டார்.

"போதாது. ஒழுங்கா போட்டாலும் சில நேரம் கிழியும், நழுவும். மத்தவங்களுக்குப் பரவாயில்ல. இவங்க இதயம் ஒரு தப்பைக்கூடத் தாங்காது. இதை மட்டும் நம்பாதீங்க."

பிறகு எதுதான் நம்பகமானது? கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி எப்படி வேலை செய்கிறது, ஆண்களுக்கான அறுவைச் சிகிச்சையில் எதை வெட்டுகிறார்கள், அன்றைக்கே பலன் உண்டா? சில மாதம் கழித்துச் சோதனை செய்து பார்க்கும்வரை ஆணுறையை விடக்கூடாது என்பதுவரை கேட்டுத் தீர்த்தார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

யோசித்துச் சொல்வதாக வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான், கேட்காத கேள்வி ஒன்று பாக்கி இருப்பது தெரிந்தது.

"நேத்து ராத்திரி முழிச்சுக்கிட்டே இருந்தியே, என்ன நெனச்சே?"

"நான் இல்லேன்னா பாப்பாவுக்கு யாருங்க தலை பின்னி விடுவாங்கன்னு."

அவர் எழுந்து உள்ளே போய், அறுவைச் சிகிச்சைக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போகவில்லை. கட்டில் பக்கத்திலிருந்த எண்ணெய் பாட்டில் மகளின் சீப்புப் பக்கம் போய்விட்டது. தினமும் காலையில் மனைவி பாப்பாவுக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னுகிறாள். ஆராய்ச்சியோ பட்டறைக்குக் கிளம்பாமல், ஒன்றும் கேட்காமல், பின்னி முடியும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறார்.