சத்தத்தை நிறுத்தியவர்

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, தெருவுக்கு அந்த மெக்கானிக் 'ஆகட்டும்'தான். வண்டிக்காரர் எதைக் கேட்டாலும் அந்த ஒரே சொல்தான் பதில். நாளைக்கே வேண்டும் என்றால் ஆகட்டும். பிரித்துப் பார்க்காமலே சரி செய்யுங்கள் என்றாலும் ஆகட்டும். கை என்னவோ தங்கமான கை. முடியாது என்று சொல்லத்தான் அந்த மனுஷருக்கு வாய் வராது. மனைவி எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுடைய தம்பி நீச்சல் சொல்லிக்கொடுப்பவன். பிள்ளை இல்லாத வீட்டில் அவன்தான் பிள்ளை. வார்த்தைக்கு வார்த்தை 'அத்தான்' போடுவான். அவனுடைய பழைய காருக்கு டர்போ பூட்டி, இன்ஜினைப் பிரித்துக் கோத்து, சக்தியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக் கொடுத்தவர் இவர்தான். அவ்வளவு சக்தியையும் தாங்குவது உள்ளே சுழலும் தண்டைப் பிடித்திருக்கும் பேரிங். அந்தப் பேரிங்கைக் காப்பது நூலளவு ஆயில். ஆயில் அழுத்தம் விழுந்தால் கத்தட்டும் என்று ஒரு பஸ்ஸரும் வைத்தார். இன்ஜின் சூடேறுமுன் மிதிக்காதே, ஓடி வந்ததும் உடனே அணைக்காதே, ஆயிலைச் சீக்கிரம் மாற்று என்று பாடம் வேறு. மச்சினனும் சொன்னபடி கேட்டான்.

ஒரு சனிக்கிழமை காலை பட்டறையில் வந்து நின்றான். மறுநாள் மலைச்சாலையில் கார்ப் போட்டி. இடப்பக்கம் வேகமாகத் திரும்பினால் பஸ்ஸர் ஒரு விநாடி கத்துகிறதாம்.

"கவனம் சிதறுது அத்தான். அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திக் குடுங்க."

கேட்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது. திருப்பத்தில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குகிறது, குழாய் காற்றை உறிஞ்சுகிறது, பேரிங் வெறுமனே உரசுகிறது. ஆயில் தொட்டியை இறக்கி உள்ளே தடுப்புத் தகடு வைக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. நாளைக்குப் போகாதே என்று சொல்லியாக வேண்டும். அவன் முகத்தைப் பார்த்தார். ஆகட்டும் என்றார். அரை லிட்டர் ஆயில் கூடுதலாக ஊற்றினார், சமாளித்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், பஸ்ஸரின் கம்பியை வெட்டிவிட்டார். பாவி மனுஷன், ஒரு நிமிஷ வேலை!

ஏழாவது திருப்பத்தில் பேரிங் இறுகி, இன்ஜின் உடைந்து, கொட்டிய ஆயிலிலேயே டயர் வழுக்கிக் கார் சுவரில் மோதியது. அவன் உயிர் பிழைத்ததே பெரிது. வலது தோள் நொறுங்கிவிட்டது. இனி அந்தக் கை தோளுக்கு மேலே எழாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீச்சல் வேலையும் அதோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் அக்கா தம்பியைத்தான் வறுத்தெடுத்தாள். கண்மண் தெரியாமல் ஓட்டினால் வேறென்ன நடக்கும் என்று கேட்டாள். இவர் ஜன்னலோரம் வாய் திறக்காமல் நின்றார். அன்று மட்டுமில்லை, ஆறு வாரமும் அப்படியேதான் இருந்தார். வெட்கக்கேடு.

கட்டுப் பிரித்த அன்று மச்சினனே பேச்சை எடுத்தான்.

"மன்னிச்சிருங்க அத்தான். நீங்க பார்த்துப் பார்த்துச் செஞ்ச இன்ஜின். சத்தம் நின்னதும் சரி பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன். அந்த நம்பிக்கையிலதான் இன்னும் கொஞ்சம் மிதிச்சுட்டேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

"நான் எதையும் சரி பண்ணலப்பா. கம்பியைத்தான் வெட்டினேன்."

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடியில் வைத்தாள். மச்சினன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"வெட்டும்போதே இப்படி ஆகலாம்னு தெரியுமா?"

"தெரியும்."

அவன் இப்போதும் வீட்டுக்கு வருகிறான். அக்காவோடு உட்கார்ந்து பேசுகிறான், சிரிக்கக்கூடச் செய்கிறான். உள்ளே நுழையும்முன் மட்டும், "அவர் இருக்காரா?" என்று கேட்கிறான். அறைக்குள் இருப்பவருக்கு அது நன்றாகவே கேட்கிறது.