முருகேசன் சுற்றிய மூன்று சுற்று

சர்க்கரை கூடிவிட்டதென்று டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். சாயங்காலமானால் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி வருகிறேன். நேற்று இரண்டாவது சுற்றில் கடலை வறுக்கும் வாசனை வந்தது. எனக்குக் கவியரங்கம் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். எழுபதுகளின் கடைசியில் மதுரையில் கவிதை கேட்கப் போனால் கையில் கடலைப் பொட்டலம் இல்லாமல் யாரும் உட்காரமாட்டார்கள்.

அப்போது நானும் முருகேசனும் ஒரே அலுவலகத்தில் குமாஸ்தாக்கள். வேறு பாடத்தில் இடம் கிடைக்காததால் கல்லூரியில் தத்துவம் படித்தவன் நான். அந்த அரைகுறைப் படிப்பை டீக்கடையில் அவன் தலையில்தான் இறக்கி வைப்பேன். "பொறப்பு, எறப்பு, திரும்பப் பொறப்பு. வெத, மரம், மறுபடி வெத. எல்லாமே வட்டந்தான்டா" என்று ஒருநாள் சொன்னது என் தப்பு. அவன் அதைக் கவிதையாக்கிவிட்டான். கடைசி வரி முடிந்ததும் முதல் வரி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

"எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னு ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது மாப்ள" என்றான் பெருமையாக.

டவுன் மண்டபத்துக் கவியரங்கத்தில் அதை அவன் மேடையேற்றிய அன்றைக்குத்தான், அவனுக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா பேரையூரிலிருந்து வந்திருந்தார். மாப்பிள்ளை நாலு பேர் முன்னால் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்வதாக ஏற்பாடு. கூடவே மகள் வாசுகி. இருவருக்கும் துணையாக முன்வரிசையில் நான்.

முருகேசன் மனப்பாடமாகவே சொன்னான். முதல் சுற்று பிரமாதம். முடித்துக் கும்பிட வேண்டிய இடத்தில் வாசுகியைப் பார்த்துவிட்டான். வாய் அதுபாட்டுக்கு முதல் வரிக்குப் போய்விட்டது. கூட்டம் அதை ஆழமான தத்துவமென்று எண்ணி, "ஆகா" என்றது. மூன்றாவது சுற்றில் அவன் முகமெல்லாம் வேர்வை. கண்கள் என்னைக் கெஞ்சின. நேரம் முடிந்ததென்று கவியரங்கத் தலைவர் மணியடித்தார். அதையும் தாளமாக வைத்துக்கொண்டு ஓடினான்.

"தம்பி, இது இன்னும் எம்புட்டு நேரம் போகும்?" என்று பெண்ணின் அப்பா என் காதில் கேட்டார்.

"முடிவே கெடையாதுங்கய்யா. அதாங்க தத்துவமே" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "கெளம்பு தாயி."

சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். வாசுகி எழுந்தாள். ஆனால் வாசல் பக்கம் திரும்பவில்லை. கடைசி வரி வரும்வரை நின்று, அது முடிந்த நொடியில் படபடவென்று கைதட்டினாள். சபை மொத்தமும் சேர்ந்துகொண்டது. அந்தச் சத்தத்தில் முதல் வரி அவன் வாயிலேயே அமுங்கிப்போனது. அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தப்பித்து இறங்கினான்.

"நல்ல மனுசந்தான்ப்பா" என்றாள் அவள், அப்பாவிடம் மெதுவாக. "நிறுத்த ஒரு ஆள் வேணும். அத நான் பாத்துக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தை மாதம் கல்யாணம்.

கவியரங்கம் நடந்த அந்த மண்டபத்தை இடித்துச் செல்போன் கடை கட்டிவிட்டார்கள். கவிதையெல்லாம் இப்போது போனிலேயே வந்து விழுகிறது. இரண்டாவது வரிக்குள் நானே கட்டைவிரலால் தள்ளிவிடுகிறேன். ஒரே கவிதையை மூன்று தடவை கேட்டும் எழுந்து போகாத அந்தக் கூட்டம் இன்றைக்கு மதுரையில் எங்கேயும் இல்லை.